மாலை கழட்டின அன்னைக்கு (கடிதமும் பதிலும்)

வணக்கம்ங்கண்ணா,

ரெண்டு வருஷமா நீங்க எழுதறத படிச்சிட்டு வர்றேன். நீங்களும் குடிய விட்டவர்னு ஒரு தடவ எழுதியிருந்தீங்க, அந்த தைரியத்துலதான் இத எழுதறேன். எங்கண்ணனுக்கு 36 வயசு, டையிங்ல வேலை. கல்யாணத்துக்கு முன்னாடியே பழக்கம் உண்டு, கடைசி அஞ்சாறு வருஷம் காலைலயே கட்டிங் இல்லாம கை நிக்காது. நடுவுல மூணு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டாருங்க, 48 நாள் தொட மாட்டாரு, மலைக்கு போயிட்டு வந்து மாலைய கழட்டுன அன்னைக்கே ஆரம்பிச்சிடுவாரு. இந்த வருஷம் மஞ்சக்காமாலை வந்து படுத்து, அப்புறம் ஒரு சென்டர்ல 30 நாள் இருந்து வந்தாரு. வந்து 70 நாள் ஆச்சு, தொடல.

ஆனா வீட்டுல நிம்மதி இல்லீங்கண்ணா. அம்மா தினமும் அவர் உள்ள வரும்போது வாய மோந்து பாக்கறாங்க. சம்பளத்த அண்ணி வாங்கி வெச்சிக்கறாங்க, ஜிபே எல்லாம் நான்தான் செக் பண்றேன். போன வாரம் கத்திட்டாரு, "இதுக்கு நான் குடிச்சிட்டே இருந்திருக்கலாம்"னு. அடுத்த மாசம் மாமா பையன் கல்யாணம் வருது, முந்தின நாள் நைட்டு பசங்க எல்லாம் சேருவாங்க. சித்தி ஏதோ ஒரு பொடி ஆன்லைன்ல வாங்கி குடுத்திருக்காங்க, தெரியாம ரசத்துல கலந்துட்டா குடி மேலயே வெறுப்பு வந்துடுமாம். கலக்கலாமுங்களா? நாங்க என்னதான் பண்றதுங்க?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

மொதல்ல பொடி. வேண்டவே வேண்டாம்மா. இன்னும் பிரிக்கலைன்னா குப்பைல போட்டுடுங்க, சித்தி கோவிச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த மாதிரி பொடிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டாக்டருங்க குடுக்கற மாத்திரை ஒண்ணு இருக்கு, டைசல்ஃபிரம்னு பேரு, அத சாப்பிட்டுட்டு இருக்கறவர் குடிச்சார்னா அந்த சரக்கு உடம்புல முழுசா உடையாம அசிட்டால்டிஹைடுங்கற விஷமா பாதியிலயே நின்னுடும், மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி, சில பேருக்கு உயிருக்கே வந்துடும். அதனாலதான் அத ஆளுக்குத் தெரியாம குடுக்கவே கூடாதுங்கறாங்க, ஈரலையும் இதயத்தையும் டெஸ்ட் பண்ணி, அவர்கிட்டயே விளக்கிச் சொல்லி, அவர் சரின்னு ஒத்துக்கிட்டாத்தான் எழுதிக் குடுப்பாங்க. அந்த மாத்திரையே ஈரலக் கெடுக்கவும் கூடும், உங்கண்ணன் காமாலையில படுத்து எழுந்த ஆளு. மாத்திரை உதவும்னு தோணுச்சுன்னா அவரையே கூட்டிட்டுப் போயி மனநல டாக்டர்கிட்ட கேளுங்க, குடிக்கணுங்கற ஏக்கத்தக் குறைக்கிற வேற மருந்துகளும் இருக்கு.

எனக்கு இது நடந்திருக்கு. நான் குடிச்சிட்டிருந்த காலத்துல எங்க வீட்டுல சாம்பார்ல எதையோ கலந்தாங்க. ஒரு நாள் சமையக்கட்டுல தண்ணி குடிக்கப் போனப்ப மஞ்சத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி மடிச்சு வெச்சிருந்த அந்த பொட்டலம் கையில மாட்டுச்சு. அன்னையிலேர்ந்து நாலு மாசம் நான் வீட்டுல சாப்பிடல. மெஸ்ல சாப்பிட்டேன், மெஸ்ஸுக்கு ரெண்டு கடை தள்ளி டாஸ்மாக். கலந்தவங்க என் மேல உயிரையே வெச்சிருந்தவங்கதான், ஆனா வீட்டுச் சோத்தையே நம்ப முடியாம போனவன் வேற எங்க போயி நிப்பான் சொல்லுங்க.

இப்ப அந்த மாலைக்கு வர்றேன். நீங்க அத ஒரு தோல்வி மாதிரி ஒரே வரியில எழுதிட்டீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே அதுதான் முக்கியமாப் பட்டுச்சு. காலைல கட்டிங் இல்லாம கை நிக்காத மனுசன் மூணு வருஷம், வருஷத்துக்கு 48 நாள் எப்படி இருந்தார்? பக்தின்னு சொல்வாங்க, நான் அத மறுக்கல. ஆனா அந்த 48 நாள்ல அவரச் சுத்தி என்னென்ன மாறுதுன்னு யோசிச்சுப் பாருங்க. கழுத்துல மாலையும் இடுப்புல கருப்பு வேட்டியும் இருக்கறதால ஊருக்கே தெரியும், யாரும் வாடா ஒரு ரவுண்டு போலாம்னு கூப்பிட மாட்டாங்க, கூடக் குடிக்கறவனே அவரப் பாத்தா பாட்டில மறைச்சுக்கிட்டு "சாமி சரணம்"பான். விடியறதுக்கு முன்னாடி குளியல், சாயங்காலம் திரும்பக் குளியல், பூஜை, பஜனை, குருசாமி வீட்டுல பத்துப் பேரோட பேச்சு. வீட்டுல அம்மா தனியா சமைச்சுக் குடுப்பாங்க, மரியாதையா சாமின்னு கூப்பிடுவாங்க, யாரும் வாய மோந்து பாக்க மாட்டாங்க. மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டுனதும் இதெல்லாமே ஒரே நாள்ல போயிடுது. அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் போறதுக்கு இடமும் இல்ல, பேசறதுக்கு ஆளும் இல்ல, பழைய கூட்டம் மட்டும் அதே இடத்துல அப்படியே நிக்குது.

(இத எழுதறப்ப ஒண்ண சொல்லிடணும், படிக்கிற மத்தவங்களுக்காக. தினமும் நிறையக் குடிக்கற ஆளு மாலை போடறேன்னோ சாமி மேல சத்தியம்னோ திடீர்னு ஒரே நாள்ல வீட்டுலயே நிறுத்தறது ரொம்ப ஆபத்து. மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள சில பேருக்கு ஆள் தெரியாம உளறல், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுல தெரியறது, ஜுரம் எல்லாம் வரும், வைத்தியம் பாக்கலைன்னா செத்துடலாம். பேய் பிடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க, நானே கண்ணால பாத்திருக்கேன். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.)

உங்கண்ணன் அந்த கண்டத்தத் தாண்டியாச்சு. 70 நாள்ங்கறது சின்ன விஷயமே இல்ல. ஆனா உடம்பு சரியானாலும் தூக்கம், கோவம், காரணமே இல்லாம வர்ற எரிச்சல் இதெல்லாம் அடங்க பல மாசம் ஆகும். குடிச்சப்பவே நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்தான், இப்பதான் எரிஞ்சு விழறான்னு எல்லா வீட்டுலயும் சொல்வாங்க. அதோட வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் வாசல்ல ஒரு சோதனைன்னா கத்தத்தான் செய்வார்.

நான் விட்டது 2013ல. அம்பத்தி சொச்சம் நாள்ல ஒரு நாள் மழையில பஸ் நின்னு போயி வீட்டுக்கு வர ஒம்பதரை ஆயிடுச்சு. மனைவி வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. ஒண்ணும் கேக்கல. பைய வாங்கற மாதிரி குனிஞ்சு, என் சட்டைக்குப் பக்கத்துல மூஞ்சியக் கொண்டு வந்து, மெதுவா ஒரு மூச்சு இழுத்தாங்க. நான் பாத்துட்டேன், நான் பாத்தத அவங்களும் பாத்துட்டாங்க. ரெண்டு பேரும் எதுவும் பேசல, நான் ஈரச் சட்டையோட படிக்கட்டுலயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், அந்த அரை மணி நேரமும் தெருமுனைல இருந்த கடை பத்து மணிக்குத்தான மூடுவான்ங்கறது மட்டுந்தான் மனசுல ஓடிச்சு. கடைசில அவங்களே சூடா காபி கொண்டாந்து பக்கத்துல உக்காந்து, "பயமா இருக்குங்க, என்னால சும்மா இருக்க முடியல"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியம்தான் என்ன உள்ள கூட்டிட்டுப் போச்சு. பயமா இருக்குன்னு அதுக்கு முன்னாடி ஒரு தடவ கூட வாய் விட்டுச் சொன்னதில்ல அவங்க.

அதனால அம்மாவ திட்டாதீங்க. இத்தன வருஷ பயம் 70 நாள்ல எப்படிப் போகும். மோந்து பாக்கறதுக்குப் பதிலா, பயமா இருக்குப்பான்னு அவர்கிட்டயே சொல்லச் சொல்லுங்க. சம்பளம், ஜிபே எல்லாம் அவரையே உக்கார வெச்சுப் பேசி முடிவு பண்ணுங்க, கையில காசு இருந்தா எனக்கே பயமா இருக்குன்னு அவரே சொல்லலாம், அப்ப அண்ணி வெச்சுக்கறதுல தப்பே இல்ல. அவர் கேட்டுக் குடுக்கறதுக்கும் நீங்களா புடுங்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லேட்டானா அவரே போன் பண்ணி சொல்லிடணும்னு ஒரு ஏற்பாடு வெச்சுக்கங்க, அது போதும்.

அடுத்து அந்த சாயங்காலம். எனக்கு அந்த நேரத்த நிரப்புனது ஒரு நண்பர், எனக்கு ஆறு வருஷம் முன்னாடியே விட்டவர். தினமும் ஆறரைக்கு போன் வரும். அறிவுரை ஒண்ணும் கிடையாது, சாப்ட்டியாம்பார், பசியோட இருக்காத, ரெண்டு வாழப்பழமாவது சாப்டும்பார், வேலைல யார் மேல கோவம்னு கேப்பார், வெச்சிடுவார். சில நாள் ரெண்டு நிமிசம், சில நாள் ஒரு மணி நேரம். பசி, கோவம், தனிமை, அசதி இந்த நாலும் சேந்தா கால் தானா கடைப் பக்கம் திரும்பும்னு அவருக்கு அனுபவத்துல தெரியும். நாலஞ்சு மாசம் கழிச்சு, எனக்காக இவ்வளவு மெனக்கெடறீங்களேன்னு கேட்டேன். "உனக்காகன்னு யாருய்யா சொன்னா, உங்கூட பேசற நேரத்துல நான் குடிக்கல பாரு"ன்னார்.

அவர் ஏ.ஏ.ல இருந்து வந்தவர், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு சொல்வாங்க. அது ஆரம்பிச்ச கதையே இதுதான். 1935 மே மாசம் பில் வில்சன்னு ஒரு அமெரிக்கர், குடிய விட்டு அஞ்சு மாசம் ஆனவர், ஆக்ரன்ங்கற ஊருக்கு தொழில் விஷயமாப் போயி அது ஊத்திக்கிச்சு. தெரியாத ஊரு, ஹோட்டல் லாபியில தனியா நிக்கறார், அந்தப் பக்கம் பார்ல சிரிப்புச் சத்தம் கேக்குது. அவர் பாருக்குப் போகாம அங்க இருந்த போன எடுத்து, இந்த ஊர்ல குடியால கஷ்டப்படற ஆளு யாராவது இருக்காங்களா, நான் பேசணும்னு ஒரு சர்ச் பாதிரியார்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா விசாரிக்கறார். அப்படித்தான் டாக்டர் பாப்ங்கற சர்ஜன் கிடைச்சார். கால் மணி நேரத்துக்கு மேல உக்கார மாட்டேன்னு சொல்லிட்டு வந்த டாக்டர் ஆறு மணி நேரம் பேசிட்டு இருந்தார். பில் அங்க போனது டாக்டரக் காப்பாத்தறதுக்குன்னு இல்ல, தன்னையக் காப்பாத்திக்கறதுக்கு.

உங்கண்ணனுக்கும் அப்படி ஒரு ஆளு வேணும், அது வீட்டு ஆளா இருக்க முடியாது. ஏ.ஏ. மீட்டிங் தமிழ்லயே பல ஊர்ல நடக்குது, காசு கிடையாது, பேரக் கூட முழுசா சொல்ல வேண்டியதில்ல. மொத நாள் நீங்க வாசல் வரைக்கும் கூடப் போங்க. குடும்பத்துல இருக்கறவங்களுக்குன்னே அல்-அனான்னு தனியா இருக்கு, பில்லோட மனைவி லோயிஸ் ஆரம்பிச்சது, அம்மாவும் அண்ணியும் நீங்களும் அதுக்குப் போகலாம். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல இலவசமாவே தொடர்ந்து பாக்கறாங்க. ராத்திரி நேரத்துல கை கால் ஓடலைன்னா மனநல உதவிக்கு அரசு போன் நம்பர் 14416 இருக்கு, போதைக்குன்னே 14446 இருக்கு. மீட்டிங் இல்லாத நாள்ல ஷட்டில், பொண்ணுக்கு ஹோம்வொர்க், கோயில், எதுவா இருந்தாலும் சரி, ஆறுலேர்ந்து ஒம்பது வரைக்கும் அவருக்கு ஒரு இடமும் ஒரு வேலையும் இருக்கணும். மாலை போட்டப்ப இருந்துச்சே, அதே மாதிரி.

கல்யாணம். முந்தின நாள் நைட்டு போகவே வேண்டாம், காலைல முகூர்த்தத்துக்குப் போயிட்டு சாப்பிட்டுட்டு வந்துடலாம், யார் என்ன சொன்னாலும் பரவால்ல. மாமா வீடாச்சே போயித்தான் ஆகணும்னா வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போகட்டும், வண்டி சாவி அவர் பாக்கெட்லயே இருக்கட்டும், தோணுனா யார்கிட்டயும் சொல்லாம கெளம்பி வந்துடணும். சொந்தத்துல குடிக்காத பையன் ஒருத்தன் கூடவே நிக்கட்டும், ஆனா அது உங்கண்ணனுக்கும் தெரிஞ்சிருக்கணும். கம்பெனி குடுடான்னு இழுக்கறவன்கிட்ட விளக்கமே குடுக்கக் கூடாது, "விட்டுட்டேன் மாப்ள", அவ்வளவுதான். ஏக்கம் வந்தா அலை மாதிரி ஏறும், அரை மணி நேரம் தாக்குப்பிடிச்சா பெரும்பாலும் இறங்கிடும். மாமாகிட்ட முன்னாடியே நீங்க பேசுங்க, பெரியவர் ஒருத்தர் "அவன விடுங்கடா"ன்னு ஒரு சத்தம் போட்டா போதும்.

இவ்வளவும் பண்ணியும் ஒரு நாள் குடிச்சிட்டு வந்துட்டார்னா? அன்னைக்கு ராத்திரி எதுவுமே பேசாதீங்க, சாப்பிட வெச்சு படுக்க வைங்க, மறுநாள் காலைல டாக்டர்கிட்டயோ ஏ.ஏ.ல கிடைச்ச நண்பர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. 70 நாளும் வீணாப் போச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்ன அந்த டாக்டர் பாப் பில்லப் பாத்த பிறகும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்துல குடிச்சு விழுந்தவர்தான். திரும்பி வந்து 1935 ஜூன் 10ல கடைசியா குடிச்சார், அதுக்கப்புறம் 1950ல சாகற வரைக்கும் தொடல. அந்த ஜூன் 10தான் ஏ.ஏ.யோட பிறந்தநாள்னு உலகம் பூரா கொண்டாடறாங்க.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பொறுமை கிடையாது. கை நீட்டுனார்னா அண்ணியும் குழந்தையும் அந்த நிமிசமே வெளிய வந்துடணும், பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணணும். கூட நிக்கறதுன்னா அடி வாங்கிட்டு நிக்கறதுன்னு அர்த்தம் இல்ல.

என் நம்பர தனி மெயில்ல அனுப்பியிருக்கேன். நீங்க கூப்பிட வேண்டாம், அவருக்கு இஷ்டம் இருந்தா அவர் கூப்பிடட்டும், சாயங்காலம் ஆறரைக்கு மேல எப்பன்னாலும் எடுப்பேன். இந்தப் பதில அவருக்குத் தெரியாம நீங்க மட்டும் படிச்சு வெச்சுக்காதீங்கம்மா, போன அவர் கையிலயே குடுத்து படிக்கச் சொல்லுங்க, அந்தப் பொடிப் பொட்டலத்தப் பத்தியும் அவர்கிட்ட சொல்லிடுங்க.