கேள்வி பதில்: அணுக்கருவின் ஆற்றல் மட்டங்கள்

கேள்வி: கார்பன்-12 அணுக்கருவின் கிளர்வு மட்டங்கள் (கூடுதல் ஆற்றல் பெற்ற நிலைகள்) 4.44, 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று பாடநூலில் உள்ளது. எந்த நுண்ணோக்கிக்கும் எட்டாத கருவில் இந்த எண்களை எப்படிக் கண்டறிந்தார்கள்? சென்னையிலேயே இதைப் பார்க்க வழியுண்டா?
– இயற்பியல் மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கருவை யாரும் பார்ப்பதில்லை, அதன்மீது மோதிவிட்டு வரும் துகளின் வரவுசெலவைத்தான் பார்க்கிறார்கள். காசிமேட்டுக்கு ஆயிரம் ரூபாயோடு அனுப்பிய அனைவரும் 1,000, 600, 300 ஆகிய மூன்று தொகைகளில் ஒன்றோடு மட்டுமே திரும்பினால், அங்கே 400 ரூபாய்க்கும் 700 ரூபாய்க்கும் மட்டுமே மீன் விற்கிறது என்று கூடையைத் திறக்காமலே சொல்லிவிடலாம் அல்லவா?

அப்படித்தான், முடுக்கியிலிருந்து ஒரே ஆற்றலுடன் வரும் புரோட்டான்களை மெல்லிய கார்பன் தகட்டின்மீது மோதவிட்டு, சிதறி வருபவற்றின் ஆற்றலைக் காந்தப்புலத்தில் வளைத்தோ சிலிக்கான் உணரியில் விழச்செய்தோ அளக்கிறார்கள். பின்னுதைப்பில் கார்பன் கரு எடுத்துக்கொண்ட பங்கை, சிதறிய கோணத்தைக் கொண்டு கணக்கிட்டுக் கழித்தால், எஞ்சிய இழப்பு 4.44, 7.65, 9.64 என்று தனித்தனி முகடுகளாக நிற்கும். பாடநூல்கள் இந்தக் கழித்தலைச் சொல்லாமல் அட்டவணையை மட்டும் தருவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

7.65 மட்டத்தின் கதை தனியானது. இத்தகைய மட்டம் இல்லாவிட்டால், விண்மீன்களில் மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்து இவ்வளவு கார்பன் உருவாகியிருக்க முடியாது என்று 1953இல் வானியற்பியலாளர் ஃபிரெட் ஹாயில் வாதிட்டார். கலிஃபோர்னியாவில் வார்டு வேலிங் குழுவினர் நைட்ரஜன்-14 மீது ட்யூட்ரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் இணைந்த கருவை) மோதவிட்டு, கார்பன்-12ஐ விட்டுவிட்டு வெளிவந்த ஆல்ஃபா துகள்களின் (ஹீலியம் கருக்களின்) ஆற்றலை அளந்து அதை உறுதிசெய்தனர். அந்த மட்டத்தை எட்டிய கருக்களில் பெரும்பாலானவை மீண்டும் மூன்று ஆல்ஃபாக்களாக உடைந்துபோக, பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு மட்டுமே நிலையான கார்பனாகத் தங்குகின்றன. அந்தச் சிலவும் பெரும்பாலும் 7.65இலிருந்து மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு நேரே இறங்குவதில்லை. இரு நிலைகளின் தற்சுழற்சியும் சுழியம் என்பதால் ஒற்றைக் காமா ஒளியன் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது, எனவே 4.44 வழியாகப் படியிறங்குகின்றன.

ஒரே வினை எல்லா மட்டங்களையும் காட்டிவிடாது. கார்பன்-12 மீது ட்யூட்ரானை மோதவிட்டால், நியூட்ரான் கருவில் ஒட்டிக்கொள்ள, புரோட்டான் வெளியேறும். இவ்வினை கார்பன்-13இன் மட்டங்களில் தனி நியூட்ரான் ஏறி அமர்பவற்றையே பளிச்சென்று காட்டும். துகள்கள் எந்தெந்தக் கோணத்தில் மிகுதியாக வருகின்றன என்பதோ, பரிமாறப்பட்ட கோண உந்தத்தைச் சொல்லிவிடும்.

இத்தகைய சோதனைகளுக்கான பெல்லட்ரான் முடுக்கி மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் உள்ளது. ஆனால் காமாக் கதிர்களை அளக்கும் சோடியம் அயோடைடு உணரி பல முதுகலை ஆய்வகங்களில் உண்டு. அணுஉலையில் நியூட்ரானை விழுங்கி உருவாகும் கோபால்ட்-60 சிதைந்து நிக்கல்-60 ஆகும்போது, அக்கரு 2.5 மட்டத்திலிருந்து இரு படிகளில் இறங்கி, 1.17, 1.33 ஆகிய ஆற்றல்களில் காமாக் கதிர்களை உமிழும். உங்கள் பேராசிரியரிடம் கோபால்ட் மூலத்தின் நிறமாலையைக் காட்டும்படி கேளுங்கள். திரையில் அடுத்தடுத்து எழும் அந்த இரு முகடுகளின் ஆற்றல்களையும் கூட்டினால் நிக்கலின் 2.5 மட்டம் கிடைத்துவிடும்.