பாக்கெட் கடிகாரம் போல இருக்கும் பழைய வோல்ட்மீட்டர்: இன்று எதைச் சோதிக்கலாம், எதைக் கூடாது?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பாக்கெட் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர் கிடைத்தது. சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது என்கிறார் பாட்டி. முகப்பில் 0–6, 0–120 என இரண்டு வோல்ட் அளவுகள். அடியில் இரண்டு கூர்முனைகள், பக்கத்தில் ஒரு வயர். இதைப் பயன்படுத்தலாமா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 120 என்று போட்டிருக்கிறதே என்று இதைச் சுவர் பிளக்கின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். முனைகளுக்கு எந்த மூடியும் இல்லை. இந்த வகை மீட்டர்கள் சிலவற்றில் நீங்கள் கையில் பிடிக்கும் உலோக உறையும் மின்சுற்றோடு சேர்ந்தே இருக்கும்.

இது பழைய வானொலிகளின் பேட்டரியைச் சோதிக்கும் மீட்டர். 1920களின் வானொலிகள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடின. வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாயின் இழையைச் சூடாக்க 2 முதல் 6 வோல்ட் வரை ஒரு பேட்டரி, அதே குழாயின் தகட்டுக்கு 45, 90, 120 என உயர் வோல்ட்டில் இன்னொன்று. இரண்டு அளவுகளும் அதற்காகத்தான். 45 வோல்ட் பேட்டரி சுமார் 34க்கு இறங்கிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இந்த மீட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது, பலர் குறை என்று சொல்லும் ஒரு குணம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். பேட்டரியிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுக்காது. பழைய மீட்டரோ நன்றாகவே இழுக்கும். உதாரணத்துக்கு, 120 வோல்ட் பக்கம் 6,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 45 வோல்ட்டில் 7.5 மில்லியாம்பியர். உள்ளே காய்ந்துபோன உயர் வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும். சுமை ஏறியதும் முள் மெல்லச் சரியும். வானொலியில் போட்டாலும் அதுதான் நடக்கும். டபுள்-ஏ பேட்டரியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இப்படி மின்னோட்டத்தை இழுப்பதால் மீட்டரை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். புது 1.5 வோல்ட் பேட்டரியின் ஒரு துருவத்தில் வயரையும் மறு துருவத்தில் 6 வோல்ட் முனையையும் வைத்துப் பாருங்கள். முள் பின்னோக்கிப் போனால் உடனே எடுத்து, துருவங்களை மாற்றுங்கள். எப்படி வைத்தாலும் ஒரே பக்கம் போனால் அது சாதாரண இரும்புத் தகடு நகரும் வகை. அதன் அளவுக்கோடுகள் தொடக்கத்தில் நெருக்கமாக இருக்கும். 120 பக்கத்துக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, மல்டிமீட்டர் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசத்துக்கு வருந்த வேண்டாம்.

இதே உருவத்தில் ஆம்பியர் மீட்டரும் உண்டு. அக்காலத்துப் பெரிய உலர் மின்கலத்தைக் கணநேரம் குறுக்கே இணைத்து, 30 ஆம்பியர் அளவுக்கு வருகிறதா என்று பார்க்க அது. முகப்பில் வோல்ட் என்று இல்லாமல் ஆம்பியர் என்று இருந்தால் லித்தியம் பேட்டரியில் தொடவே தொடாதீர்கள். அது ஷார்ட் செய்வதற்குச் சமம், தீப்பிடிக்கலாம்.

வயரின் பழைய ரப்பர் உறை பெரும்பாலும் நொறுங்கியிருக்கும். அதை மாற்றலாம், ஆனால் பழையதையும் எடுத்து வையுங்கள். உறையைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய்விடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். முள்ளின் அச்சுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி முள் நின்றுவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், அதனால் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பையை மாற்றுங்கள்.