சபா கணக்கு: பொருளாளர்கள் கேட்ட கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன சபாக்களிலிருந்து. ஆண்டு வரவு 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை, சம்பளத்துக்கு ஆள் கிடையாது, பொருளாளர் வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டே கணக்கும் எழுதுகிறவர். எல்லாமே 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 1961 வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1-க்குப் பிறகு வரும் வருமானத்துக்குப் புதிய 2025 சட்டம். அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. கீழே உள்ளவை பழைய எண்கள்.

கே: முந்தைய பொருளாளர் ஒரு துணிப்பை நிறைய வவுச்சரும் மூன்று ரசீதுப் புத்தகமும் பாஸ்புக்கும் ஒப்படைத்தார். ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? (புதிய பொருளாளர், கும்பகோணம்)

வவுச்சர் பையைப் பிரிக்காதீர்கள். முதலில் பாஸ்புக். அதில் மட்டும்தான் சபாவுக்கு வெளியே உள்ள ஒருவர் எழுதிய எண்கள் இருக்கின்றன. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒவ்வொரு வரியையும் ஒரு நோட்டில் இறக்குங்கள். வரவு ஒவ்வொன்றின் எதிரிலும் ரசீது எண், பற்று ஒவ்வொன்றின் எதிரிலும் வவுச்சர் எண். ஜோடி சேராமல் நிற்பவைதான் உங்கள் உண்மையான வேலை.

வரவுப் பக்கம் நிற்பவை பெரும்பாலும் யுபிஐ-யில் வந்த சந்தாக்கள். பணம் வந்திருக்கும், ரசீது கிழித்திருக்க மாட்டார்கள். ஆள் யாரென்று தெரிந்தால், பணம் வந்த தேதியைக் குறிப்பிட்டு இப்போது ரசீது போடுங்கள். தெரியாவிட்டால் அனாமத்தில் (யாருடையது என்று தெரியும்வரை நிறுத்திவைக்கும் கணக்கில்) வையுங்கள். 'நன்கொடை' என்று எழுதி முடித்துவிடக் கூடாது. பெயர், முகவரி இல்லாத நன்கொடைகள், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், மிஞ்சிய தொகைக்கு 30 சதவீத வரி. கச்சேரி வாசலில் வைக்கும் உண்டியலும் இதில் சேரும்.

பற்றுப் பக்கத்தில், நீங்கள் கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகளைத் தனியே எழுதுங்கள். மூன்று மாதம் தாண்டியவை செல்லாது. அவற்றை ரத்து செய்து, தொகையைக் 'கொடுக்க வேண்டியது' பக்கத்துக்கு மாற்றுங்கள். பல சபாக்களில் நான்கு வருடத்துக்கு முந்தைய காசோலை ஒன்று ஆண்டுதோறும் வங்கிச் சமரசப் பட்டியலில் (சபா கணக்குக்கும் பாஸ்புக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் தாளில்) உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது ரசீதுப் புத்தகம். தாள்களை எண்ணுங்கள். ரத்தான ரசீதின் மூலமும் நகலும் சேர்த்துக் குத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு தாள் காணவில்லை என்றால் எந்த எண் என்பதைச் செயற்குழு நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள். ரொக்கத்தை மார்ச் 31 மாலை செயலாளரோடு உட்கார்ந்து எண்ணி, நோட்டு வகைப்படி எழுதி, இருவரும் கையெழுத்திடுவதுதான் முறை. அது நடக்கவில்லையென்றால், நீங்கள் பொறுப்பேற்ற நாளில் எண்ணிப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு பையைத் திறங்கள். அப்போது அதில் பாதி ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும்.

கடைசியில் ஆண்டு எல்லை. பிப்ரவரி, மார்ச்சில் வசூலான அடுத்த ஆண்டுச் சந்தா இந்த ஆண்டு வரவல்ல. இருப்புநிலைக் குறிப்பில் 'முன்கூட்டிப் பெற்ற சந்தா' என்று பொறுப்புப் பக்கம் போக வேண்டும். இதை வரவில் சேர்த்துக்கொண்டு உபரி காட்டுவதும், அடுத்த ஆண்டு திடீரென்று பற்றாக்குறை என்று பொதுக்குழுவில் திட்டு வாங்குவதும் வழக்கமாக நடப்பது. மார்ச் மாத மண்டப வாடகை, மின்கட்டணம், மைக் செட் பாக்கி ஆகியவை பில் வராவிட்டாலும் இந்த ஆண்டுச் செலவே. வைப்புத்தொகை வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தால் கைக்கு வந்த தொகையை அல்ல, முழு வட்டியை வரவு வையுங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிப் பார்த்தால் அது தெரியும்.

கே: ஆயுள் சந்தா 10,000 ரூபாய். 120 பேர் சேர்ந்திருக்கிறார்கள், 12 லட்சம் வைப்பில் இருக்கிறது. இருந்தும் ஏன் ஆண்டுதோறும் கையைக் கடிக்கிறது? (செயலாளர், திருநெல்வேலி)

கடிக்கத்தான் செய்யும். உங்கள் ஆண்டுச் சந்தா 1,500 ரூபாய் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 10,000 ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி என்றால் 650. ஓர் ஆயுள் உறுப்பினர் உட்காரும் நாற்காலிக்கு ஆண்டுக்கு 850 ரூபாய் குறைகிறது. 120 பேருக்கு 1,02,000. ஆண்டுச் சந்தாவை நீங்கள் உயர்த்தும்போதெல்லாம் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும், ஏனென்றால் ஆயுள் உறுப்பினர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரப்போவதில்லை.

1,500-ஐ ஈடுகட்ட வட்டி மட்டும் போதுமென்றால் ஆயுள் சந்தா 23,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். அந்த விலைக்கு ஆள் சேராது. எங்கள் கருத்து, ஆயுள் என்ற திட்டத்தையே நிறுத்திவிட்டு 10 ஆண்டுச் சந்தா என்று வைத்து, ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கை வரவுக்கு எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. அவர்களிடம் ஆண்டுதோறும் விருப்ப நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதலாம். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்று. ஆயுள் சந்தாவை 'கார்பஸ் நிதி' (மூலநிதி) என்று எழுதிவிட்டால் வரிக் கணக்கில் அது கார்பஸ் நன்கொடை ஆகிவிடாது. அதற்குக் கொடுப்பவர் 'மூலநிதிக்காக' என்று குறிப்பாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பதிலுக்கு இருக்கை வாங்கிக்கொள்கிறவரின் பணத்தை நன்கொடை என்று வாதாடுவதும் கடினம்.

கே: விழா மலர் விளம்பரம்தான் எங்களுக்குப் பெரிய வரவு. அதனால் வரிவிலக்கு போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். (பொருளாளர், மதுரை)

பயப்பட வேண்டியதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயப்படுங்கள். இசை, நாடகம், நடனம் நடத்தும் சபாக்கள் பெரும்பாலும் 'பொதுப் பயன்பாட்டு நோக்கம்' என்ற வகையில் வருகின்றன. கல்வி, மருத்துவ அறக்கட்டளைகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இந்த வகைக்கு உண்டு: வணிகத் தன்மையுள்ள வரவு அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு இல்லை.

உங்கள் எண்களில் மொத்த வரவு 14,00,000; விளம்பரம் 3,20,000. 20 சதவீதம் 2,80,000. நீங்கள் 40,000 மேலே நிற்கிறீர்கள். விளம்பரத்தைக் குறைப்பது ஒரு வழி. நன்கொடையை 2 லட்சம் கூட்டினால் மொத்தம் 16 லட்சமாகி, அதே விளம்பரத் தொகை சரியாக எல்லைக் கோட்டில் வந்து நிற்கும். கொஞ்சம் கூடுதலாகவே திரட்டுங்கள். விளம்பரத்தை 'நன்கொடை' என்று ரசீது போடுவது மட்டும் வழியல்ல. கொடுத்த நிறுவனம் 2 சதவீத வரி பிடித்து விளம்பரச் செலவு என்றே காட்டியிருக்கும், உங்கள் 26ஏஎஸ் அறிக்கையில் அது அப்படியே வந்திருக்கும்.

டிக்கெட் வரவு வேறு கதை. அடக்கச் செலவுக்கோ அதற்குச் சற்றே மேலாகவோ வாங்கும் கட்டணம் வணிகமாகாது, கணிசமான லாபம் வைத்தால் ஆகும் என்பது 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். ஆகவே கச்சேரிவாரியாக டிக்கெட் வரவு, செலவு இரண்டையும் எழுதிய ஒரு தாளைக் கோப்பில் வையுங்கள். கேள்வி வந்தால் அதுதான் பேசும். மலருக்கும் அச்சுக்கூலி உட்படத் தனிக்கணக்கு வேண்டும்.

கே: கச்சேரி முடிந்ததும் கவரில் பணம் வைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று எங்கள் தலைவர் சொல்கிறார். ஆடிட்டர் கூடாது என்கிறார். (இணைச் செயலாளர், சேலம்)

ஆடிட்டர் சொல்வதே சரி. விலக்கு பெற்ற சபா தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு இந்த 85-இல் சேராது. பாடகருக்கு 40,000, வயலினுக்கு 12,000, மிருதங்கத்துக்கு 12,000 என்று கவரில் கொடுத்தால் 64,000 ரூபாய் செலவழித்தும் செலவழிக்காததாகிவிடும். 9,000 வீதம் இரண்டு வவுச்சர் எழுதுவதும் பயன் தராது. ஒரே நாள், ஒரே ஆள் என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். மேடையில் கவரே கொடுங்கள், உள்ளே காசோலை இருக்கட்டும்.

குழுவுக்கான மொத்தத் தொகையையும் பாடகரிடமே கொடுக்கும் வழக்கமும் தொல்லைதான். முழுத் தொகையும் அவர் வருமானமாகப் பதிவாகும், சபா வரி பிடித்துக் கட்ட வேண்டிய வரம்பையும் சீக்கிரம் தாண்டும். ஒவ்வொருவருக்கும் தனி வவுச்சர், பான் எண், வங்கிக் கணக்கு. பான் இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதம்.

தொழில்முறைச் சேவைக்கு 194ஜே பிரிவின்படி ஒருவருக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். சினிமாக் கலைஞர்கள் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இருக்கிறார்கள். கச்சேரி வித்வான்களைப் பற்றி ஆடிட்டர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. பிடித்துக் கட்டிவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. கலைஞருக்கு அது நஷ்டமில்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்வார்.

சபாக்கள் உண்மையில் சறுக்கும் இடம் வித்வான்கள் அல்ல, மைக் செட். இப்படிப்பட்ட ஒப்பந்த வேலைக்கு ஒரே பில் 30,000-ஐயோ, ஆண்டு மொத்தம் 1 லட்சத்தையோ தாண்டினால் வரி பிடிக்க வேண்டும். ஆளோடு வரும் மைக் செட்டுக்கு மாதம் 9,000 என்றால் ஒரு பில்லும் 30,000-ஐத் தொடாது, யாரும் கவனிக்க மாட்டார்கள். பன்னிரண்டாவது பில்லில் ஆண்டுத் தொகை 1,08,000 ஆகி 1 லட்சத்தைத் தாண்டிவிடும். தனிநபருக்கு 1 சதவீதம், அதாவது 1,080 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம், 32,400 ரூபாய், உங்கள் 85 சதவீதக் கணக்கிலிருந்து விழும். பந்தல், புகைப்படம், சிற்றுண்டிக்காரர் எல்லோருக்கும் இதே விதி. ஆண்டு முழுக்க வேலை தருகிறவர்களுக்கு ஏப்ரலிலேயே பிடிக்கத் தொடங்குவது எளிது. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை.

கே: டிக்கெட்டை 600 ரூபாயாக உயர்த்தினால் ஜிஎஸ்டி வருமா? (கோயம்புத்தூர்)

500 ரூபாய் வரையிலான கச்சேரி, நாடக அனுமதிக் கட்டணத்துக்கு விலக்கு. 501 ஆனால் முழுத் தொகையும் வரிக்குள் வரும், 1 ரூபாய் மட்டுமல்ல. ஆனால் சபாவின் மொத்த விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. நன்கொடை இதில் சேராது. விளம்பரமும் ஸ்பான்சரும் சேரும். மேடைப் பின்னணியில் 'உபயம்: இன்னார்' என்று நன்றிக்காகப் பெயர் போடுவது நன்கொடையே. அங்கே கடையின் பொருளும் தொலைபேசி எண்ணும் வந்துவிட்டால் விளம்பரம். உள்ளாட்சியின் கேளிக்கை வரி இதற்குச் சம்பந்தமில்லாத தனி விஷயம். டிக்கெட் அச்சடிக்கும் முன் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ கேட்டுவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் விழாவுக்கு 1 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? (மயிலாடுதுறை)

அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். இங்குள்ள அவர் கணக்கிலிருந்து ரூபாயிலேயே கொடுத்தாலும் அதே நிலை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வாங்க வேண்டும். ஒரு விழாவுக்காக அந்தப் பதிவுக்குப் போவது சின்ன சபாவுக்கு வேண்டாத வேலை. ஊரில் இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் உறவினர் யாராவது தன் சொந்தப் பணத்தில் கொடுப்பதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பணத்தை இவர் பெயரில் மாற்றிக் கொடுப்பது கூடாது.

கே: எந்தத் தேதிக்கு எதை முடிக்க வேண்டும்? ஒரே இடத்தில் சொல்லுங்கள். (திருச்சி)

நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் வைத்திருந்தால் நன்கொடையாளர் பட்டியலான 10பிடி மே 31-க்குள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். அதைத் தாக்கல் செய்தால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்று எடுக்க முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். 85 சதவீதம் செலவாகவில்லை, மண்டபம் கட்டச் சேர்க்கிறீர்கள் என்றால் நோக்கத்தைக் குறிப்பிட்டுப் படிவம் 10, ஆகஸ்ட் 31-க்குள். தணிக்கை அறிக்கை 10பிபி செப்டம்பர் 30, சபாவின் வருமான வரிக் கணக்கான ஐடிஆர்-7 அக்டோபர் 31. பொதுக்குழுவையும் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பருக்குள், கூட்ட வேண்டும். தணிக்கையான கணக்கை அங்கே வைக்க வேண்டியிருப்பதால் ஆடிட்டருக்கு ஜூன் இறுதியில் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அவர் கட்டணம் வாங்காமல் செய்து தருகிறவர் என்றால் மே இறுதியிலேயே கொடுப்பது நியாயம். செயற்குழு உறுப்பினரே ஆடிட்டராக இருந்தால் அவர் உங்கள் கணக்கில் கையெழுத்திடக் கூடாது, வேறொருவரைப் பாருங்கள்.

நிர்வாகிகள் மாறியிருந்தால் மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் தெரிவியுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் அந்தப் பதிவின் நகலைத்தான் கேட்பார்கள்.

இன்றே எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் 12ஏபி ஆணை, அதாவது வரிவிலக்குக்கான பதிவு ஆணை. 2021-இல் மறுபதிவு பெற்ற பல சபாக்களுக்கு அதன் ஐந்தாண்டுக் காலம் 2026 மார்ச் 31-உடன் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பம் 2025 செப்டம்பர் 30-க்குள் போயிருக்க வேண்டும். தவறவிட்டிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரி, காரணத்தோடு உடனே விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால் அந்த ஆண்டு வருமானத்தோடு போகாது, சபாவின் நிகரச் சொத்து மதிப்பின் மேலேயே வரி விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.