மலையக மிஷன் வரலாறு: கேட்டதும் சொன்னதும்

ஹட்டன்: சேர், இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு மிஷனரிகள் எப்போது வந்தார்கள்? இன்றைய சபைக்கு அதில் என்ன இருக்கிறது?

1854இல் தமிழ் கூலி மிஷன் தொடங்கியது. அப்போது தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம். துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், சிலர் காசு போட, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் குருமாரைக் கொடுத்தது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக நடந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். தோட்டத்துக்குள் நுழைவதற்கும் துரையின் தயவு, சம்பளமும் துரைமார் போட்ட காசு, அப்படி இருக்கிற மனிதர், ஆட்களை மேய்க்கும் கங்காணி கூலியைப் பிடித்து வைப்பதைப் பற்றி எந்த அளவுக்கு வாய் திறந்திருப்பார்? வெளிக்காசில் கூரை போட்ட சபைகள் இன்று எதைப் பேசாமல் இருக்கின்றன என்று பாருங்கள், பாடம் அங்கேதான்.

பதுளை: சபை வேகமாக வளர மிஷனரிகள் என்ன முறை வைத்திருந்தார்கள்?

டச்சுக்காரர் முறை வேகமானது. அவர்கள் ஆண்ட கரையோரத்தில் கல்யாணப் பதிவுக்கும் உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள், பெயர்ப் பட்டியல் நீண்டது. 1796இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், கட்டாயம் போனது, கூட்டமும் கலைந்தது. எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

தலவாக்கலை: மிஷனரியும் துரையும் ஒரே கைதான் ஐயா, இதில் கற்க என்ன இருக்கிறது?

நுவரெலியா: சும்மா சொல்லாதீர்கள். என் பாட்டன் எழுத்துப் படித்ததே மிஷன் பள்ளியில்தான்.

தலவாக்கலை: படித்து என்ன, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குத்தானே போனார்?

தம்பிமாரே, இரண்டும் ஒரே மிஷனில் நடந்ததுதான். துரை காசில் நடந்த பள்ளியிலும் பிள்ளை எழுத்துக் கற்றது, அதே துரையைக் கேள்வி கேட்கத் திருச்சபைக்கு வாய் வரவில்லை. பேசியவர்களும் உண்டு. இயேசு சபைக் குரு பால் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதயம் என்ற அமைப்பைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர் உரிமைக்காகப் பேசினார், துரைமாரைக் கேட்டுக்கொண்டு அல்ல. பாட்டனை விட்டுவிடுங்கள், பாவம்.

கண்டி: காசும் அரசும் இல்லாமல் யாராவது செய்திருக்கிறார்களா?

நல்ல கேள்வி. கோவாவிலிருந்து 1687இல் வந்த ஜோசப் வாஸ். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம், அதனால் மாறுவேடத்தில் வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டிக்குப் போனால் உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் பெரியம்மை வந்து ஊரே ஓடியபோது, நோயாளிகளைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தவர் இவர். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. மன்னரும் அவரை மதித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார், 2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது. பின்னால் எந்தச் சாம்ராஜ்யமும் இல்லை, அதனால் யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பண்டாரவளை: சபை வளர ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.

பதுளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஹப்புத்தளை: எங்கள் சபையிலும் ஆட்கள் குறைகிறார்கள், வளர…

பதுளை!

மஸ்கெலியா: தசமபாகம் கட்டாயமா?

என் துறை இல்லை. உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள், அப்படியே கணக்குப் புத்தகத்தையும் கேளுங்கள்.