பாறை இன்னும் நகரவில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு இந்தியா கேட் பக்கத்திலுள்ள நவீன கலைக்கூடத்துக்குப் போனேன். நம் மெரினா உழைப்பாளர் சிலையின் பிரதி ஒன்று அங்கே இருக்கிறது. “அப்பா, இவங்கல்லாம் ஜிம்முக்குப் போவாங்களா?” என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். திரும்பும்போது பாரகம்பா சாலையில், பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், கயிற்றில் தொங்கியபடி ஒரு பையன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். ஐம்பது கிலோ தேறமாட்டான். அப்போதுதான் அவள் கேள்வி உறைத்தது. ஆபத்தான வேலை செய்கிறவர்களைத் தேடித் தேடி வெண்கலத்தில் வடிக்கும் சிற்பிகளுக்குப் பிடித்தது அந்த மனிதர்களையா, அந்த ஆபத்தில் இருக்கும் கிளுகிளுப்பையா?

க., மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள க.,

உங்கள் மகளுக்குக் கண் கூர்மை. அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி குஸ்தி போட்டவர், வேட்டையாடியவர். (புல்லாங்குழல் வாசித்தார், கதை எழுதினார். அதெல்லாம் தனிக்கதை.) 1899ல் இன்றைய வங்கதேசத்து ரங்பூரில் பிறந்தார். 1929ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தவர் ஏறக்குறைய முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தசை குஸ்திக் கோதாவில் பார்த்த தசை. கூலிக்காரரைச் செய்யச் சொன்னாலும் கையில் பயில்வான் வந்துவிடுகிறார். ஆக, உங்கள் சந்தேகத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

மீதியை ஒப்புக்கொள்ள முடியாததற்கு என் சொந்த அனுபவம்தான் காரணம். கல்லூரி நாட்களில் அந்தச் சிலைக்கு அடியில் எத்தனையோ மாலை சுண்டல் தின்றிருக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. டெல்லிக்கு வேலைக்கு வந்து, ஊர் ஞாபகம் வந்த ஒரு குளிர்கால மதியத்தில்தான், நீங்கள் போன அந்தக் கலைக்கூடம் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸில் நின்று பார்த்தேன். நாலு பேர், ஒரு பாறை, நெம்புவதற்குக் கட்டை. மெரினாவில் 1959 குடியரசு தினத்துக்கு முதல்நாள் திறந்து வைத்தார்கள். அன்றிலிருந்து நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள், பாறை நகரவில்லை. ‘உழைப்பின் வெற்றி’ (Triumph of Labour) என்று பெயர் வைத்துவிட்டு வெற்றிக்கு முந்தைய நொடியில் ஆட்களை நிறுத்திவிட்டார் மனுஷர். கிளுகிளுப்பு மட்டும் வேண்டியிருந்தால் பாறையின் மேல் ஒருவனை ஏற்றி நிறுத்தியிருப்பார்.

பெல்ஜியத்துக்காரர் கான்ஸ்டன்டைன் மெனியேயை நீங்கள் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுவரை ஓவியர். நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய்வந்த பிறகு சிற்பத்துக்குத் திரும்பினார். துறைமுகச் சுமைதூக்கி, இரும்பு உருக்குபவர், சுரங்கத் தொழிலாளி என்று வரிசையாகச் செய்தார். அவரிடமும் வீரம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் 1887ல் ஒரு சுரங்கத்தில் வாயு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதை வைத்து 1889ல் அவர் செய்த சிலையில் வீரமே கிடையாது. தரையில் மகன் பிணம். அதன்மேல் குனிந்து பார்க்கும் அம்மா. அவள் முதுகின் வளைவைப் பார்த்தால் போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. சுவாமிமலையில் ஒரு பட்டறையில் வார்ப்பு நடக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மை போல அரைத்து முதல் பூச்சு. நகக்கண் வரை அதில் பதிய வேண்டும். அப்புறம் களிமண்ணும் மணலும், சுற்றிலும் கம்பிக்கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே வெறும் கூடு. அதில் ஆயிரம் டிகிரி தாண்டிக் கொதிக்கும் உலோகத்தை ஊற்ற வேண்டும். கூட்டுக்குள் ஈரம் ஒரு துளி தங்கியிருந்தாலும் ஆவியாகி, ஊற்றியதை ஊற்றியவர் முகத்திலேயே திருப்பி அடிக்கும். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. இடுக்கியில் மூசையை, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்தை, பிடித்திருந்த பெரியவரின் காலில் செருப்பு இல்லை. புறங்காலில் அம்மைத் தழும்பு மாதிரி பொட்டுப் பொட்டாக இருந்தது. என்னவென்று கேட்டேன். “அப்பப்பத் தெறிக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

டெல்லியில் பாரத் மண்டபம் என்ற மாநாட்டு அரங்கின் வாசலில் நிற்கும் நடராஜர் அதே ஊரிலிருந்து அதே முறையில் வார்த்து 2023ல் இங்கே வந்தவர். 27 அடி, சுமார் 18 டன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் புறங்கால்தான். ராய் சௌத்ரி வடித்த, 1942ல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு மாணவர்கள் பாட்னாவில் நிற்கிறார்கள். அவர்களை வெண்கலமாக வார்த்தது இத்தாலியில். பீடத்தருகே நிற்கிறவர்களுக்குச் சிற்பி பெயர் தெரியும். மூசை பிடித்தவர்? உங்கள் கயிற்றுப் பையனுக்கு உறவுக்காரர் அவர்தான்.

வேட்டைக்காரர் ஒருநாள் போகாமல் வீட்டில் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கயிற்றில் தொங்குபவனுக்கு அன்றைய கூலி போய்விடும். சாகசம் என்ற சொல்லை முதலாமவருக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி.

இந்த நகரத்தில் உயிருக்கு மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று சாலைக்குக் கீழே நடக்கிறது. ஆளை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்க 2013லேயே சட்டம் வந்தாயிற்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்குக் கொடுக்கும் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தச் சொன்னது. செத்துக்கொண்டிருப்பதால்தானே தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்த ஆளை எப்படி வடிப்பது என்று சும்மா யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழிக்குள் பாதி இறங்கியவரிடம் வெளியே தெரிவது தலையும், விளிம்பைப் பிடித்த இரண்டு கையும். தசை காட்ட இடமில்லை. பீடம் வைத்தால் கெட்டுப்போகும். நடைபாதை மட்டத்திலேயே வைக்க வேண்டும், தடுக்கி விழுந்தாலும் பரவாயில்லை. எந்த நகராட்சி இதற்கு இடம் தரும், தெரியவில்லை.

மகளிடம் சொல்லுங்கள்: ஜிம் இல்லை, கோதா. அடுத்தமுறை போகும்போது அவளைச் சிலைக்கு எவ்வளவு கிட்டே விடுகிறார்களோ அவ்வளவு கிட்டே நிறுத்தி, நெம்புகிற கட்டை பாறைக்கடியில் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.