சாஞ்ச மரத்தை செயின்சா மெஷின் வச்சு அறுக்கிறவங்க கேட்டது

பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு கலக்கணும்?
மெஷின் புக்ல 50க்கு 1னு இருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னா 40. டூ ஸ்ட்ரோக் ஆயில்தான். செயின் ஆயிலுக்கு வேற டேங்க் இருக்கு, மாத்தி ஊத்திட்டு ஸ்டார்ட் ஆகலன்னு எழுதாதீங்க.

தென்னை அறுத்தா புகையுது, மெஷின் கோளாறா?
செயின் மழுங்கிடுச்சு. சீவலா விழாம மாவு மாதிரி தூள் விழுதுன்னா அரம் போட்டே ஆகணும். மரத்துல அப்பின மண்ணை தட்டிட்டு அறுங்க, பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) தரையில உரசக்கூடாது. துண்டுகளை தோப்புலயே மக்க விடாதீங்க, காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை வைக்கும்.

முன்னாடி இருக்கிற கை கார்டு இடைஞ்சலா இருக்குன்னு கழட்டிட்டேன், பரவால்லையா?
உடனே மாட்டுங்க. அதுதான் செயின் பிரேக். பார் நுனியோட மேல் பாதி கட்டையில பட்டா மெஷின் நேரா மூஞ்சிக்கு எகிறும்.

பாதி அறுக்கிறப்பவே பார் மாட்டிக்குது.
எடை எங்க நிக்குதுன்னு பாக்காம அறுக்கிறீங்க. ரெண்டு முனையும் தாங்கி நடுவுல அந்தரமா இருந்தா மேல மூணுல ஒரு பங்கு, மீதி கீழேர்ந்து. ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தா முதல்ல கீழ, அப்புறம் மேல. மாட்டிட்டா இழுக்காதீங்க, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஆப்பு அடிங்க.

வேப்பமரம் வேரோட சாஞ்சு கிடக்கு, தூர்கிட்ட அறுத்துடலாமா? பசங்க வேற அந்த குழியில விளையாடுறாங்க.
முதல்ல பசங்களை வெளிய கூப்பிடுங்க, மத்ததை அப்புறம் படிங்க! வருஷம் பூரா இதைத்தான் கத்திட்டு இருக்கேன். அந்த வேர்மண்ணை சாச்சு வச்சிருக்கிறதே மரத்தோட எடைதான், நீங்க அறுத்து எடையை எடுத்துட்டா தூர் பழையபடி நிமிர்ந்து குழிக்குள்ள உக்காந்துடும். 2018 கஜா முடிஞ்ச வாரம் பேராவூரணி பக்கம் ஒரு மாமரம், தூர்லேர்ந்து ரெண்டடி விட்டு அறுத்தாங்க, கடைசி நார் அறுந்ததும் டப்புன்னு ஒரு சத்தம், ஆளுயர வேர்மண் மொத்தமும் குழிக்குள்ள. நிழலா இருக்குன்னு உள்ள வச்சிருந்த எவர்சில்வர் குடத்தை சாயங்காலம் தோண்டி எடுத்தோம், தட்டு மாதிரி இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒரு பையன் அங்கதான் உக்காந்து தண்ணி மொண்டு குடுத்துட்டு இருந்தான். சில சமயம் தூர் முன்பக்கமா நம்ம மேலயும் விழும். அதனால ஜேசிபி பக்கெட்டால தூரை பிடிச்சுக்கிட்டுதான் அறுக்கணும். ஜேசிபி வராத இடம்னா கிளையை மட்டும் கழிச்சுட்டு ஜேசிபி வர்ற வரைக்கும் அப்படியே விடுங்க.

லுங்கியோட அறுக்கலாமா?
கூடாது. பேன்ட், ஷூ, கண்ணாடி.

மரத்து மேல கரண்ட் கம்பி கிடக்கு.
ஈபி ஆள் வந்து லைனை ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்ற வரைக்கும் கிட்டயே போகாதீங்க.