சிட்னியில் ஐந்து நாள்: பேக்கேஜ் வாங்கலாமா, நாமே சுற்றலாமா?

கேள்வி: வரும் ஜனவரியில் நானும் மனைவியும், எட்டு வயது மகளும், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் சிட்னியில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ், கடற்கரைகள் எல்லாம் பார்க்க ஆசை. அம்மாவை அதிகம் நடக்க வைக்க முடியாது. நாங்கள் சைவம். துறைமுகப் படகுச் சுற்றும் பேருந்தும் சேர்ந்த பேக்கேஜ் வாங்குவது நல்லதா, நாங்களே சுற்றிக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பேக்கேஜ் வேண்டாம். ஆஸ்திரேலியப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தருவதைத் தொழிலாகக் கொண்ட நானே இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிட்னி நீரிலிருந்து பார்க்க வேண்டிய ஊர். அந்த நீரில் உங்களை ஏற்றிச் செல்லும் படகுகள் அரசின் பொதுப் போக்குவரத்தைச் சேர்ந்தவை, கட்டணமும் பேருந்துக் கட்டணம் போன்றதுதான்.

போர்ட் ஜாக்சன் எனப்படும் அந்தத் துறைமுகம், பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதனால் கரை எங்குமே நேராக இல்லை. விரித்த கைவிரல்களைப் போல முனைகளும் அவற்றுக்கிடையே சிறு குடாக்களுமாக அது நீண்டு கிடக்கிறது. சாலை வழியே போனால் ஒவ்வொரு குடாவையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், படகில் போனால் நேரே கடந்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கும் இதுவே வசதி, ஏனெனில் காட்சிகள் அத்தனையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கிடைக்கின்றன.

எல்லாப் படகுகளும் புறப்படும் இடம் சர்குலர் கீ. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘குவே’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘கீ’ என்றே சொல்லுங்கள். கட்டணத்துக்கு, படகு, ரயில், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும் ஓபல் அட்டை வாங்கலாம், அல்லது தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே பயன்படுத்தலாம். இதில் நம்மவர்கள் தவறும் இடங்கள் மூன்று. ஓர் அட்டையில் ஒருவர் மட்டுமே பயணம் செய்யலாம், குடும்பம் முழுவதற்கும் ஒரே அட்டையைத் தொட முடியாது. ஏறும்போது எந்த அட்டையைத் தொட்டீர்களோ அதையே இறங்கும்போதும் தொட வேண்டும்; வங்கி அட்டையைத் தொட்டு ஏறிவிட்டு, அதே கணக்கை வைத்திருக்கும் கைப்பேசியைத் தொட்டு இறங்கினால் இயந்திரம் அவற்றை இரண்டு தனிப் பயணங்களாகக் கொள்ளும். வங்கி அட்டையைத் தொட்டால் பெரியவர் கட்டணமே பிடிக்கப்படும் என்பதால், மகளுக்குக் குழந்தைகளுக்கான ஓபல் அட்டையைத் தனியே வாங்கிவிடுங்கள். மூத்த குடிமக்கள் சலுகை உள்ளூர்வாசிகளுக்கானது; அம்மாவுக்குப் பெரியவர் கட்டணம்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த உச்சவரம்பு மற்ற நாள்களில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஆகவே நீண்ட பயணங்களை வார இறுதியில் வைத்துக்கொண்டு, நகருக்குள் பார்ப்பவற்றை மற்ற நாள்களுக்கு ஒதுக்குங்கள்.

முதல் படகுப் பயணம் மேன்லிக்கு இருக்கட்டும். சுமார் 30 நிமிடப் பயணம். புறப்படும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால், ஓபரா ஹவுஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல மெல்லத் திரும்பித் தன் எல்லாப் பக்கங்களையும் காட்டிவிட்டுப் பின்னால் நகரும். அந்த வழித்தடத்தின் பழைய பெரிய படகுகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், படகைத் திருப்பாமலே திரும்பிச் செல்வார்கள். பாதி வழியில் துறைமுகத்தின் வாய் திறந்து, வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் நடுவே பசிபிக் பெருங்கடல் தெரியும். அந்தச் சில நிமிடங்கள் படகு ஆடும். அம்மாவைக் கீழ்த்தளத்தின் நடுவில் உட்கார வைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

மேன்லியில் இறங்கியதும் கோர்சோ என்ற வாகனமில்லாத கடைத்தெரு. சில நிமிட நடையில் அது பெருங்கடல் கரையில் கொண்டுவிடும். அங்கிருந்து வலப்புறம் கடலோரமாகவே செல்லும் சமதளப் பாதையில் கால்மணி நேரம் நடந்தால் ஷெல்லி பீச். கிழக்குக் கரையில் இருந்துகொண்டே மேற்கு நோக்கி அமைந்த அபூர்வமான சிறு கடற்கரை அது. திறந்த கடலுக்கு முதுகு காட்டியிருப்பதால் அலை குறைவு. மீன்பிடிக்கத் தடை உள்ள காப்பகம் ஆதலால், முழங்கால் அளவு நீரில் நின்றே மகள் மீன்களைப் பார்க்கலாம். அவ்வளவு நடக்க இயலாவிட்டால் அம்மா கோர்சோவின் முடிவிலேயே, மரநிழல் பெஞ்சில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அதிலும் குறை ஒன்றுமில்லை.

இனி, இந்தப் பதிலில் நீங்கள் கட்டாயம் மனத்தில் இருத்த வேண்டிய பகுதிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளை நட்டிருப்பார்கள். உயிர்காப்பாளர்கள் அன்று காலையில் நீரோட்டத்தைப் பார்த்து, ‘இந்த இடைவெளிக்குள்தான் நாங்கள் கண்காணிக்கிறோம்’ என்று குறித்த எல்லை அது. அதற்கு வெளியே கணுக்கால் நனைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். கரையில் நின்று கடலைக் கவனித்துப் பாருங்கள்: இரு பக்கமும் அலைகள் வெள்ளையாக நுரைத்து உடையும், நடுவே ஓரிடம் மட்டும் நுரையின்றி, சற்றுக் கருத்து, அமைதியாகக் கிடக்கும். குழந்தையை இறக்க அதுவே பாதுகாப்பான இடம் என்று நம் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில், கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி அது. அந்த ஓட்டம் மணலை அரித்து ஆழப்படுத்தியிருப்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. அங்குள்ளவர்கள் இதை ‘ரிப்’ என்பார்கள். அதில் சிக்கிய பலர் மூழ்குவது, கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான். சிக்கிவிட்டால் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

1938 பிப்ரவரி 6 அன்று பாண்டை கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் சுமார் 250 பேரை உள்ளே இழுத்துச் சென்றன. அன்று உயிர்காப்புச் சங்கத்தினர் கரையிலேயே கூடியிருந்தனர். அப்படியிருந்தும் ஐந்து பேர் இறந்தனர். பயிற்சி பெற்ற கண்கள் அருகில் இருந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். கொடிகளுக்கு நடுவே குளியுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் பொருள் இதுதான். புடவை, சுரிதார், ஜீன்ஸ் அணிந்து நீரில் இறங்குவதும் ஆபத்து. நனைந்த துணி காலைக் கட்டிப்போடும். உடல் மறைய வேண்டும் என்றால் முழுக்கை நீச்சல் உடைகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன, அணிபவர்களும் ஏராளம்.

பாண்டைக்குச் சர்குலர் கீயிலிருந்து 333 எண் பேருந்து செல்கிறது. ஒரு கிலோமீட்டர் நீள மணற்பரப்பு. அலைச்சறுக்கு ஆடுபவர்களைப் பார்த்துக்கொண்டு காலைப்பொழுதைக் கழிக்கலாம். அங்கிருந்து கூஜி வரை ஆறு கிலோமீட்டர் செல்லும் பாறை முகட்டு நடைபாதை பெரும் புகழ் பெற்றது, ஆனால் படிகள் மிகுதி. அம்மாவுடன் அதற்கு முயலாதீர்கள். உங்கள் மனைவி நீந்துபவரானால் கூஜியில் மெக்கைவர்ஸ் என்ற, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான கடல்நீர்க் குளம் இருக்கிறது. பாறைக்குள் அமைந்த அந்தக் குளத்தில் கூச்சமின்றி நீந்தலாம்.

கோடையில் வடகிழக்குக் காற்று வீசும் நாள்களில் புளூபாட்டில் எனும் நீலநிற நுங்கு போன்ற உயிரிகள் கரை ஒதுங்கும். கொட்டினால் கடும் எரிச்சல். அதற்குத் தீர்வு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் விடுவது. மகளை அவற்றைக் கையால் தொடவே விடாதீர்கள், கரையில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சி வெயிலில் வளர்ந்த நமக்கு 27 டிகிரி எம்மாத்திரம் என்ற எண்ணம் வரும். சிட்னியில் ஜனவரிப் பகலின் சராசரி உச்ச வெப்பம் அவ்வளவுதான், கடற்காற்றும் குளிர்ச்சியாகவே வீசும். ஆனால் தோலைச் சுடுவது வெப்பமன்று, புற ஊதாக் கதிர். அதன் குறியீட்டெண் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது அங்குள்ள அறிவுரை; ஜனவரி நண்பகலில் அது 11-ஐயும் தாண்டும். உடம்பு சூட்டை உணராததால் நிழலுக்குப் போகத் தோன்றாது, இரவில்தான் தோள் எரியும். கறுத்த தோலுக்கும் இது பொருந்தும். தொப்பி அணிந்து, எஸ்பிஎஃப் 50 என்று குறித்த வெயில் காப்புப் பூச்சை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவுங்கள். ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகும் என்பதால், நண்பகலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு நான்கு மணிக்கு மேல் கிளம்பினாலும் முழு மாலைப்பொழுது கையில் இருக்கும். இதற்காகவே நகர மையத்தில், வின்யார்ட் அல்லது சென்ட்ரல் நிலையத்தின் அருகில் தங்குங்கள். புறநகரில் அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அம்மாவின் நண்பகல் ஓய்வு போய்விடும்.

ஹார்பர் பிரிட்ஜைப் பார்க்க, வளைவின் மேல் ஏறும் விலையுயர்ந்த ஏற்பாடு உங்கள் குழுவுக்கு ஒத்துவராது. வின்யார்டில் ரயில் ஏறி அடுத்த நிலையமான மில்சன்ஸ் பாயிண்டில் இறங்குங்கள். ரயில் பாலத்தின் மீதேதான் செல்கிறது. 1932-இல் திறக்கப்பட்ட, 503 மீட்டர் அகல வளைவு கொண்ட அந்த எஃகுக் கூட்டை அம்மா சன்னலோரத்தில் உட்கார்ந்தபடி கடந்துவிடுவார். நிலையத்திலிருந்து இறக்கமாகச் சில நிமிடம் நடந்தால் பாலத்தின் நேர் அடியில், லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவின் வாசலில் இருப்பீர்கள். அண்ணாந்து பார்த்தால் ஆணித்தலைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஏறத்தாழ அறுபது லட்சம் ஆணிகளால் அதை இணைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே படகுத்துறை, பாலத்தின் அடியில் புகுந்து சர்குலர் கீக்குத் திரும்பிவிடலாம். துறைமுகத்தைப் பார்க்க இதைவிட நல்ல ஒரு மணி நேரத்தை நான் அறியேன்.

ஓபரா ஹவுஸின் வெளிமுற்றத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. டென்மார்க்கின் யோர்ன் உட்சன் 1957-இல் போட்டியில் வென்ற வடிவம் அது. அரசோடு பிணங்கி 1966-இல் வெளியேறிய அவர், 1973-இல் திறக்கப்பட்ட தம் கட்டடத்தை நேரில் பார்க்காமலே 2008-இல் மறைந்தார். தொலைவில் வெள்ளையாகத் தெரியும் கூரையின் அருகில் போய்ப் பாருங்கள்: பளபளக்கும் வெள்ளை ஓடும், மங்கலான பாலேட்டு நிற ஓடும் மாறிமாறிப் பதிந்து, அம்புத்தலை வடிவில் கோடுகள் எழும்பும். மகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள். உள்ளே அழைத்துச் செல்லும் சுற்றில் படிகள் ஏராளம். படியேற முடியாதவர்களுக்கான தனிச் சுற்று உண்டு, அதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பாலமும் ஓபரா ஹவுஸும் ஒரே படத்தில் வர, தாவரவியல் பூங்காவை ஒட்டிய மிசஸ் மக்குவாரிஸ் சேர் முனைக்குக் காலையில் செல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

டரோங்கா விலங்குக் காட்சிசாலைக்கும் படகுதான். அது மலைச்சரிவில் இருப்பதால், படகுத்துறையிலிருந்து பேருந்தில் மேல் வாசலுக்குப் போய் இறக்கமாகவே பார்த்துக்கொண்டு வாருங்கள். அன்று மாலை பால்மோரல் கடற்கரையில் வலையிட்டுத் தடுத்த நீச்சல் பகுதியில் மகள் குளிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையைச் சிட்னியின் மேற்குப் பகுதியான பரமட்டாவுக்கு ஒதுக்குங்கள். சர்குலர் கீயிலிருந்து ஆற்றின் மேல்நோக்கி ஒன்றரை மணி நேரம் படகு செல்லும். துறைமுகம் மெல்ல மெல்லக் குறுகி, கடைசியில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் சிற்றாறு ஆகிவிடும். நீர்மட்டம் தாழ்ந்த வேளைகளில் படகு முன்னரே நின்று பேருந்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பதால் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்களும் நம் ஊர்க்காரர்களும் கூடும் இடம். பரமட்டாவை அடுத்த நிலையமான ஹாரிஸ் பார்க்கில் தெரு முழுவதும் இந்திய உணவகங்கள், சைவத்துக்குக் குறைவில்லை. திரும்பும்போது ரயிலில் வந்துவிடலாம்.

விசா விண்ணப்பத்தை இப்போதே தொடங்குங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 600 என்ற உட்பிரிவில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும், போய் இறங்கி வாங்க முடியாது. ஜனவரி இறுதி வரை அங்கு பள்ளி விடுமுறை என்பதால் அறைகளையும் சீக்கிரம் பதிவு செய்துவிடுங்கள். விமான நிலைய ரயில் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுக் கட்டணம் பிடிப்பார்கள். நான்கு பேருக்கு டாக்ஸியும் பெரும்பாலும் அதே அளவில் வந்துவிடும், பெட்டி தூக்கும் வேலையும் இல்லை. இறங்கும் முன் தரும் வருகைப் படிவத்தில், கொண்டுபோகும் உணவு, மருந்து, விதை எதுவானாலும் ‘ஆம்’ என்று குறியுங்கள். சொல்லிவிட்டால், தடை செய்த பொருளாக இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம் மிகக் கடுமை. அம்மாவிடம் ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்: பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்க வேண்டாம், ஹாரிஸ் பார்க் கடைகளிலேயே கிடைக்கும்.